நாலாவது கோரிக்கை

பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த தெருவுக்காக மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுத்தார்கள். அதில் இருந்த கையெழுத்துகளில் பாதிக்கு மேல் நான் வாங்கியவை. பொய் சொல்லி வாங்கியவை. இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. கல்யாணமாகி ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவருக்குக் கோரமங்களாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கு அதே பக்கத்தில், அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. இரண்டாவது ஷிஃப்ட். முடித்துவிட்டு வந்து நான் படுப்பதற்கும் ஊர் எழுந்திருப்பதற்கும் நடுவில் நாலு மணி நேரம்தான் இருக்கும்.

நாங்கள் இருந்தது ஒரு சொந்த வீட்டின் மாடி. வீட்டுக்காரர் மாநில அரசு வேலையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். எங்களிடம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று மட்டும் தெரியும். அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

தெருவின் ஒரு பக்கம் இப்படிப்பட்ட மாடி வீடுகள். எல்லாவற்றிலும் தரைக்கடியில் சம்ப், மோட்டார், மேலே தொட்டி. எதிர்ப்பக்கம் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடுகள், வரிசையாக. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து ஆட்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, ஹாஸ்டல் சமையல். அவர்கள் அத்தனை பேருக்கும் தண்ணீர் தெருமுனையில் இருந்த ஒரே பொதுக் குழாயில்தான். நல்லி என்பார்கள் அங்கே. ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகிற நேரத்தில் வரும். அந்த நல்லி எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது.

பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம், வரிசைச் சண்டை. நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருப்பேன். ‘இந்த நல்லி ஒழிந்தால் போதும்’ என்று பல தடவை நினைத்திருக்கிறேன். பின்னால் நடந்ததற்கு வீட்டுக்காரர் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

அப்போதுதான் வார்டு கமிட்டி என்று ஒன்று அமைத்திருந்தார்கள். அடுத்த வருடம் வார்டில் என்னென்ன வேலை எடுப்பது என்பதைப் பொதுமக்களிடமும் கேட்டுத்தான் முடிவு செய்வோம், மனு கொடுங்கள், கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்று அறிவித்தார்கள். சங்கத்தார் எங்கள் வீட்டுக் கீழ்க்கூடத்தில் உட்கார்ந்து ஒரு மனு தயாரித்தார்கள். கன்னடத்தில் ஒரு பிரதி, இங்கிலீஷில் ஒரு பிரதி. நாலு கோரிக்கைகள். தெருவில் மூன்று விளக்கு. மோரியை, அதாவது சாக்கடையை, தூர்வாரி மேலே கல்லால் மூடுவது. ரோட்டுக்குத் தார். நாலாவது, தெருமுனையில் உள்ள பொது நல்லியை எடுத்துவிட்டு அந்த இடத்தை ரோட்டோடு சேர்ப்பது.

மாடி வீட்டுக்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் எடுபடாது என்று கமிட்டி ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெருவில் இரண்டு பக்கமும் போடவேண்டும். வீட்டுக்காரர் மாடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் தன்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார்கள், நான் போனால் பேசுவார்கள் என்றார். பேப்பரைப் படித்துப் பார்த்துவிட்டு நான் நாலாவதைக் காட்டினேன்.

“இதுக்கு அவங்க எப்படி சார் கையெழுத்துப் போடுவாங்க?”

“அது ரோடு அகலம் பண்ற விஷயம்மா. அதைப் பெருசாச் சொன்னா கூட்டம் கூடிரும், மத்த மூணும் கெட்டுப்போகும். லைட்டு யாருக்கு வேணும்? அவங்களுக்குத்தானே. மொதல்ல அது வரட்டும்” என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தெருவில் அதுவரை யாரும் என்னை ஒரு காரியத்துக்கு என்று கூப்பிட்டதில்லை. பேனாவையும் மை டப்பாவையும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் ஆறேழு வீடுகளில் எளிதாக முடிந்தது. விளக்கு வரும், மோரி மூடுவார்கள், தார் போடுவார்கள் என்று சொன்னேன். தமிழில் பேசும் படித்த பெண் வீட்டு வாசலில் வந்து நிற்பதே அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வீட்டில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். விளக்கு இல்லாமல் வேலைவிட்டு வரும் பெண்கள் படும் பாட்டைச் சொல்லி இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

எட்டாவதாக, நல்லியில் வரிசையைக் கவனித்துக்கொள்ளும் அக்காவின் வீடு. அவர் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்பவர். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தண்ணீர் குறைவாக வரும் நாளில் ஆளுக்கு எத்தனை குடம், கைக்குழந்தைக்காரிக்கு எத்தனை, முதலில் யார் என்பதையெல்லாம் அங்கேயே நின்று எல்லோரையும் பேசவிட்டு முடிவு செய்வார். நான் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தில் பாதி அந்தப் பேச்சுதான்.

அவர் பேப்பரை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். எழுத்து தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும்.

“மூணு சொன்ன கண்ணு. இதுல நாலு போட்டிருக்குதே, அது இன்னா?”

“அது ரோட்டை நேராக்கறதுக்கு, அக்கா” என்றேன்.

“நேராக்கட்டும், நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்து, பேப்பரை முழங்காலில் வைத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். ஹாஸ்டலில் சம்பளப் பதிவுக்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து. அது முடிகிறவரை நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவரே எழுந்து அடுத்த வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், “போடுங்கடி, நான் போட்டுட்டேன்” என்றார். அதன்பின் யாரும் எதையும் கேட்கவில்லை.

மனு போய்ச் சேர்ந்தது. கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நல்லிச் சத்தத்துக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். ஜன்னலை மூடிவைத்தேன். கீழே போனால் பெண்கள், விளக்கு எப்போது வரும் என்று கேட்பார்கள். கூட்டத்துக்கு அவர்கள் வரத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் போய் நிற்க வேண்டாமா என்றார். கணவரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் சட்டையை இஸ்திரி போட்டபடியே, “இப்பப் போய்ச் சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார். கூட்டத்துல இதெல்லாம் யாரு படிக்கப் போறா?” என்றார். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹாலில், சனிக்கிழமை காலை. குட்டையான பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு மேஜை. கமிட்டித் தலைவர், ஒரு இன்ஜினியர், குறிப்பெழுதும் ஒரு அம்மாள். எங்கள் சங்கத்தார் முன்வரிசையில், வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நான். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பதினைந்து இருபது பேர் கடைசியில் சுவரோடு நின்றார்கள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

அந்த வருடம் ஊரில் நிலவரம் சரியில்லை. தொண்ணூற்றொன்றின் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் காவிரி பற்றி ஒரு செய்தி வந்தாலே கடையைச் சாத்தினார்கள். பஸ்ஸில் நாங்கள் தாழ்ந்த குரலில்தான் தமிழ் பேசுவோம். ஹாலிலும் பெண்கள் தங்களுக்குள் காதோடு காதாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

மூன்று தெருக்களின் மனுக்கள் முடிந்து எங்களுடையது வந்தது. இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் கன்னடத்தில் உரக்கப் படித்தார். விளக்கு. பின்னாலிருந்து ஒரு சந்தோஷ முணுமுணுப்பு. மோரி. தார். நாலாவதைப் படித்தபோது, ‘சார்வஜனிக நல்லி’ என்ற இரண்டு சொற்கள் வந்தன. பொது நல்லி. அந்தக் கன்னடம் புரியாதவர்கள் அந்தச் சுவரோரம் யாரும் இல்லை. முணுமுணுப்பு அப்படியே நின்றது.

தலைவர் பேப்பரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நல்லியை எடுக்கச் சொல்லி அதில் தண்ணீர் பிடிக்கிறவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, சம்மதம்தானா, போட்டவர்கள் இங்கே இருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அக்கா தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அத்தனை பேர் நடுவில், ஹாலின் அந்தக் கோடியிலிருந்து தமிழில் கேட்டார்.

“நாலாவது ரோட்டை நேராக்கறதுன்னு நீதானே சொன்ன?”

நடுப்பெஞ்சில் ஒருவர் எழுந்து, இங்கே கன்னடத்தில் பேசவேண்டும் என்றார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். பெண்களில் ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். தலைவர் மேஜையைத் தட்டி, அந்த அம்மா எந்த பாஷையில் பேசினாலும் இந்தக் கூட்டம் கேட்டுக்கொள்ளும், உட்காருங்கள் என்றார். அக்கா கையை உதறிவிட்டு, இப்போது கன்னடத்திலேயே சொன்னார். பிழையான கன்னடம், ஆனால் தெளிவாகச் சொன்னார். நாங்கள் விளக்குக்குத்தான் கையெழுத்துப் போட்டோம், நல்லியை எடுத்தால் நாங்கள் எங்கே போவோம் என்றார்.

வீட்டுக்காரர் எழுந்தார். அமைதியாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்டித்தான் வாங்கினோம், படித்துக் காட்டியவள் இங்கேயே இருக்கிறாள், கேளுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினார். குனிந்து என்னிடம், “ஆமான்னு ஒரு வார்த்தை போதும்மா” என்றார்.

நான் எழுந்தேன். மேஜை, பெஞ்சுகள், சுவரோரம், எல்லாப் பக்கமும் முகங்கள். ஆமாம் என்று சொல்லத்தான் எழுந்தேன் என்பதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் சுவரோரம் எனக்கு ஸ்டூல் துடைத்துப் போட்ட பெண்ணும் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் சரியாகத்தான் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

“நாலாவதை நான் படிச்சுக் காட்டல” என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு எனக்குத் தெரிந்த கன்னடத்தில் திரும்பச் சொன்னேன். “அவங்க கேட்டாங்க. நான் வேற சொல்லிட்டேன்.”

தலைவர் குறிப்பெழுதும் அம்மாளிடம் ஏதோ சொன்னார். தெரியாமல் போட்ட கையெழுத்துகள் உள்ள மனுவைக் கமிட்டி எடுத்துக்கொள்ள முடியாது, முழு மனுவையும் திருப்புகிறோம் என்றார். அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. அதோடு வேலைப் பட்டியல் முடிகிறது. அதற்குள் புதிதாகக் கொண்டுவந்தால் பார்க்கலாம்.

முழு மனுவும் என்றால் விளக்கும் சேர்த்துத்தான். உண்மையைச் சொன்னால் நாலாவது மட்டும் போகும் என்று நான் நினைத்திருந்தேன். வெளியே வரும்போது, எதிர்ப்பக்கத்து இளம்பெண் ஒருத்தி, “லைட்டும் போச்சு” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டு நடந்தாள். சங்கத்தார் வேறு வழியாகப் போய்விட்டார்கள். நான் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். மகள் குடும்பம் வருகிறது, இரண்டு மாதத்தில் வீடு வேண்டும் என்றார். குரலில் கடுமை எதுவும் இல்லை. கணவர் என்னைப் பார்த்தார்.

இரண்டு நாள் நான் கீழே இறங்கவே இல்லை. மூன்றாம் நாள், தண்ணீர் வரும் விடியலில், ஜன்னலுக்குக் கீழே அக்காவின் குரல் என்னை இறங்கி வரச் சொன்னது. போனேன். திட்டுவார்கள், கையை ஓங்கினாலும் ஓங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் படியிறங்கினேன். குடங்கள் வரிசையில் இருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அந்தப் பேப்பரு உங்கிட்ட இருக்குதா?” என்று கேட்டார் அக்கா. இங்கிலீஷ் பிரதி இருந்தது. “எடுத்துனு வா. இங்க நின்னு படி. எல்லாத்தையும். ரெண்டு வாட்டி படி.”

நான் ஓடிப்போய் எடுத்துவந்து படித்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். நாலாவதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அக்கா, “சத்தமா” என்றார். இரண்டாம் தடவையும் படித்தேன்.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் மூன்றுக்கும் எல்லோரும் சரி என்றார்கள். நாலாவதைக் கிழித்துப் போடு என்று பலர் கத்தினார்கள். அப்போது ஷீட் வீடுகளில் நல்லிக்கு எதிரே உள்ள முனை வீட்டுப் பெண், நல்லி இங்கேயே இருக்கவேண்டாம், வழியும் தண்ணீரெல்லாம் என் வீட்டுக்குள் வருகிறது, இரண்டு வருடமாகச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை என்றாள். அவளைத் துரோகி என்று ஒருத்தி சொல்ல, குடத்தோடு கைகலக்கும் அளவுக்குப் போய்விட்டது. அக்கா நடுவில் புகுந்து, ஒவ்வொருத்தியாகப் பேசச் சொன்னார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பேசிக்கொண்டே குடம் மாற்றினார்கள்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர், ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“நீங்களும் சொல்லுங்க சார், இன்னாத்துக்கு எடுக்கணும்” என்றார் அக்கா.

அவர் தமிழிலேயே கடைசிவரை பேசினார். நான் அப்படிக் கேட்டது அதுவே முதல்முறை. “என் மிசஸுக்கு மூச்சுத் திணறின அன்னைக்கு ஆம்புலன்ஸ் இந்த முனையில திரும்ப முடியல. நல்லிக் கட்டைச்சுவர் இடிச்சுது. மெயின் ரோடு வரைக்கும் நாற்காலியில உட்கார வெச்சுத் தூக்கிட்டுப் போனோம். அந்தக் கொஞ்ச நேரம்தான்.”

அந்த நாற்காலியைத் தூக்கியவர்களில் இரண்டு பேர் இதே ஷீட் வீட்டு ஆண்கள்தான் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. ஆனால் நல்லியால்தான் வண்டி திரும்பவில்லை என்று அவர்களிடம் அவர் சொன்னதே இல்லை. நல்லி போனால் எத்தனை தூரம் நடக்கவேண்டும் என்று அவரிடமும் யாரும் சொன்னதில்லை.

“இத அன்னைக்கே இந்தப் பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பிருக்கலாம் சார். நாங்க என்னா மனுசங்க இல்லியா” என்றார் அக்கா. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றும் அடுத்த தண்ணீர் நாளும் பேச்சு நடந்தது. நல்லி போகக் கூடாது. ஆனால் இடம் மாறலாம். எதிர்ப்பக்கம், ஷீட் வீடுகள் முடியும் இடத்தில் காலி மூலை இருந்தது. அங்கே சிமெண்டு மேடை கட்டி, வழியும் தண்ணீர் நேராக மோரிக்குப் போகும்படி செய்யவேண்டும். புது நல்லியில் தண்ணீர் வந்த பிறகுதான் பழையதைத் தொடவேண்டும். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவள், லைட்டும் போச்சு என்ற அந்த இளம்பெண். நான் எழுதினேன். வீட்டுக்காரர் கன்னடத்தில் மாற்றினார். அதை அவரே உரக்கப் படித்தார். கன்னடம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, அவர் படிப்பது எழுதியிருப்பதுதானா என்று பக்கத்தில் நின்று சரிபார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

அடுத்த கூட்டத்தில் அக்காவே எழுந்து நாலையும் கன்னடத்தில் சொன்னார். இரண்டு நாள் ஹாஸ்டல் பெண்களிடம் சொல்லிப் பழகியிருந்தார். இன்ஜினியர் நல்லியை மாற்றக் குழாய் எத்தனை தூரம் போடவேண்டும் என்று கேட்டார். அக்கா அடிக்கணக்கில் சொன்னார், நடந்து அளந்திருந்தார். விளக்கும் நல்லியும் பட்டியலில் சேர்ந்தன. மோரியும் தாரும் அதற்கடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒத்திவைக்கப்பட்டன. அந்த வருடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் வீட்டைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சந்தாபுரா பக்கம் வீடு பார்த்தோம். ஆபீஸுக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும்.

காலி செய்த அன்று, டெம்போவில் சாமான் ஏற்றும்போது வேலைக்குக் கிளம்பிய அக்கா நின்றார். மிக்ஸி பெட்டியை மேலே தூக்கிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்பும் கேட்க நினைத்து முடியாமல் போயிருந்தது.

“அன்னைக்கு எந்திரிச்சுச் சொன்ன. அது சரி” என்றார். “ஆனா உன்ன நம்பி நான் நாப்பது வீட்டுல போடச் சொன்னேன். அவளுங்க என்னைக் கேட்டாளுங்க, உன்னை இல்ல. வரிசையில பேசினாளுங்களே தவிர, ஒரு மாசம் ஒருத்தியும் எங்கிட்ட மனசு விட்டுப் பேசல.”

இது எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள் ஒளிந்திருந்த நாட்களிலும் அவர் அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறார். ஹாஸ்டலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவர் மெயின் ரோடு பக்கம் நடந்தார். டிரைவர் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, போகலாமா என்று கேட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன்.